செட்டிங் ஸ்பிரேயை பிரைமராகப் பயன்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேக்கப் முடிந்த பிறகு கடைசியாக அடிக்கிற செட்டிங் ஸ்பிரேயை, மேக்கப் தொடங்கும் முன்பே முகத்தில் அடித்தால், முக நிறத்தைச் சீராக்கப் பூசும் ஃபவுண்டேஷன் கூடுதல் நேரம் நிற்குமா? நிற்கும். ஆனால் எந்த ஸ்பிரே, எவ்வளவு, அடித்த பிறகு எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற மூன்றும் சரியாக அமைய வேண்டும். ஒன்று பிசகினாலும் முகம் திட்டுத் திட்டாகிவிடும். பல வருடங்களாக எனக்கும், மேடை ஏறும் தோழிகளுக்கும் நானேதான் மேக்கப் போட்டு வருகிறேன். விளக்குச் சூட்டில் நெற்றி வியர்த்து மேக்கப் வழிவதைத் தடுக்க வழி தேடியபோதுதான் இந்த முறைக்கு வந்தேன். இன்று என் மேக்கப் பையில், ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் பிரைமரைத் தனியாக வைத்திருப்பதே குறைவு. அதே சமயம் எல்லா முகத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பிரைமர் செய்யும் இரண்டு வேலைகள்

பிரைமர் என்ற பெயரில் விற்கப்படுபவை இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று நிரப்புவது. டைமெத்திகோன் போன்ற சிலிகோன்கள் நிறைந்த பிரைமர்கள் தோலின் துவாரங்களிலும் மெல்லிய கோடுகளிலும் படிந்து மேற்பரப்பைச் சமப்படுத்தும். விரலில் எடுத்தாலே பட்டுப்போல வழுக்கும். இரண்டாவது வேலை பிடிப்பது. தோலுக்கும் ஃபவுண்டேஷனுக்கும் நடுவே லேசான பசைபோல நின்று, நிறத்தை நகரவிடாமல் வைத்துக்கொள்வது.

செட்டிங் ஸ்பிரே இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்யும். அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், ஆல்கஹால், கொஞ்சம் படலம் உருவாக்கும் பாலிமர். முகத்தில் விழுந்ததும் தண்ணீரும் ஆல்கஹாலும் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் நிற்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம். பிவிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிவினைல்பைரோலிடோன் இந்தக் குடும்பத்தில் நன்கு தெரிந்த பெயர். ஹேர் ஸ்பிரேயில் முடியைக் கலையாமல் நிறுத்துவதும் இதே வகைப் பாலிமர்கள்தான். அதற்காக ஹேர் ஸ்பிரேயை முகத்தில் அடிக்கவே கூடாது. அது முடிக்கென்று, முடி விறைப்பாக நிற்கும் அளவுக்குச் செய்யப்பட்டது. தோலையும் கண்ணையும் எரிச்சலூட்டும்.

மூக்கின் இருபுறமும் துவாரங்கள் பெரிதாகத் தெரிகின்றன, பரு விட்டுப்போன குழிகள் இருக்கின்றன, அவற்றை மறைக்க வேண்டும் என்றால் ஸ்பிரேயை நம்ப வேண்டாம். ஒரு மெல்லிய படலம் பள்ளத்தின் வடிவத்திலேயே படியும், பள்ளத்தை நிரப்பாது. உங்கள் பிரச்சினை எண்ணெய் வழிவது, வியர்வையில் மேக்கப் நகர்வது, சிலிகோன் பிரைமர் போட்டால் முகம் கனமாகத் தோன்றுவது என்றால், இந்த முறை உங்களுக்கானது.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், பின்பக்கத்துப் பொருள் பட்டியல்தான் உண்மையைச் சொல்லும். அந்தப் பட்டியலில் அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால் என்ற வரிசை உண்டு. 1 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே முதல் ஐந்தாறு பெயர்களைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பிவிபி, விபி/விஏ கோபாலிமர், அக்ரிலேட்ஸ் கோபாலிமர், பாலியூரிதேன் என்று தொடங்கும் பெயர்கள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அது படலம் உருவாக்கும் ஸ்பிரே. பிரைமராகப் பயன்படுத்த இதுதான் தேவை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிவிபி தண்ணீரில் கரையும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புழுக்கமான நாளில், நிறைய வியர்க்கும் முகத்தில், பிவிபி மட்டுமே உள்ள ஸ்பிரே சிறிது நேரத்தில் பிசுபிசுக்கலாம். அக்ரிலேட்ஸ் வகை ஈரத்தை இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வியர்வைதான் உங்கள் முதல் எதிரி என்றால் அதைத் தேடுங்கள்.

கிளிசரின் முன்னால் நின்று, மேலே சொன்ன பெயர்கள் எதுவும் இல்லாவிட்டால், அது ஈரப்பதம் தரும் ஸ்பிரே. மேக் நிறுவனத்தின் ஃபிக்ஸ் பிளஸ் இப்படித்தான் தொடங்கியது. பவுடர் வெள்ளையாகத் தெரிவதைக் குறைத்து மேக்கப்பைத் தோலோடு இணைப்பதில் இந்த வகை அருமையானது. வறண்ட முகத்தில் ஃபவுண்டேஷனுக்கு முன் அடித்தாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் மேக்கப்பை நீண்ட நேரம் பிடித்து வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பன்னீரும் அப்படித்தான். முகத்துக்குக் குளிர்ச்சி தரும், மணக்கும். படலம் எதையும் விட்டுச் செல்லாது. பன்னீரை பிரைமர் என்று சொல்லிக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

ஆல்கஹால் இரண்டாவது இடத்தில் இருந்தால் ஸ்பிரே சீக்கிரம் காயும். எண்ணெய் வழியும் முகத்துக்கு அது வசதி. வறண்ட தோல், எளிதில் சிவக்கும் தோல், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம் பயன்படுத்துபவரின் தோல் ஆகியவற்றுக்கு அது எரியும், இழுத்துப் பிடிக்கும். இவர்கள் ஆல்கஹால் இல்லாத, நறுமணம் சேர்க்காத ஸ்பிரேயைத் தேடுவதே நல்லது. எக்ஸிமா, ரோசேசியா போன்ற தோல் நோய் உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டு முயலுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஸ்பிரே எப்படி வெளியே வருகிறது? ஒரு கறுப்புத் துணியிலோ கண்ணாடியிலோ ஒரு முறை அடித்துப் பாருங்கள். பனிபோல நுண்ணிய துளிகளாகப் படர்ந்தால் நல்லது. பெரிய பெரிய துளிகளாகத் தெறித்தால் முகத்திலும் அப்படியே தெறிக்கும். மேக்கப்பின் மேலே அடிக்கும்போது இது சின்னக் குறை. அடியில் அடிக்கும்போது ஒவ்வொரு துளி விழுந்த இடமும் ஃபவுண்டேஷனைக் கூடுதலாகப் பிடித்துப் புள்ளி புள்ளியாகக் காட்டிவிடும். பாட்டில் அப்படி இருந்தால் நேராக முகத்தில் அடிக்காமல் ஸ்பான்ஜ் வழியாகப் பயன்படுத்தலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் முறை என்றால்

காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு முறை அடித்து, ஒன்றிரண்டு நாள் கவனியுங்கள். மேக்கப்பின் மேல் இதே ஸ்பிரே உங்களை ஒன்றும் செய்யவில்லை என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இப்போது அது நேரடியாக வெறும் தோலில் விழப்போகிறது.

அப்புறம், முக்கியமான ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் அன்று இதை முதல் தடவையாக முயலாதீர்கள். வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில், முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஸ்பிரே அடித்து, மறு பாதியை அப்படியே விட்டு, இரண்டுக்கும் ஒரே ஃபவுண்டேஷன் போடுங்கள். அடிக்கும்போது அடுத்த பாதியை ஒரு டிஷ்யூவால் மூடிக்கொண்டால் போதும். மூன்று மணி நேரம் கழித்து ஒரு போட்டோ, ஆறு மணி நேரம் கழித்து ஒரு போட்டோ, இரண்டும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில். உங்கள் தோலுக்கு இது உதவுகிறதா என்று யாரையும் கேட்கத் தேவையே இருக்காது. எந்த விளம்பரமும், என்னுடைய இந்தக் கட்டுரையும்கூட, அந்த இரண்டு போட்டோ சொல்வதைச் சொல்ல முடியாது.

படி 1: முகத்தைத் தயார் செய்வது

முகம் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். மாய்ஸ்சரைசரை மெல்லியதாகப் பூசுங்கள். பகல் நேரம் என்றால் அடுத்தது சன்ஸ்கிரீன். அதை மட்டும் மெல்லியதாகப் பூசிவிடக் கூடாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுப்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

இப்போது காத்திருக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம். இந்த முறையில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் தோலில் இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பிரே அடித்தால், படலம் தோலில் பிடிக்காமல் அந்தக் கிரீமின் மேல் மிதக்கும். அடுத்து ஃபவுண்டேஷனைத் தொட்டதும் எல்லாம் சேர்ந்து அழுக்குத் திரிபோல உருண்டு வரும். நான் முதன்முதலில் செய்தபோது கன்னம் முழுக்க இப்படித்தான் உருண்டது. ஸ்பிரேதான் மட்டம் என்று நினைத்து இரண்டு மாதம் அதை ஒதுக்கியே வைத்திருந்தேன். தவறு என் அவசரத்தில் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆல்கஹால் உள்ள ஸ்பிரே, இன்னும் படியாத சன்ஸ்கிரீனைக் கலைத்துவிடலாம். கலைந்த இடத்தில் வெயிலுக்கு எதிரான காப்பு குறையும். புறங்கையால் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். கையில் எதுவும் ஒட்டாமல், வழுக்காமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். எண்ணெய் மினுங்கினால் டிஷ்யூவை வைத்து ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம்.

ஷேவ் செய்த உடனே, புருவம் எடுத்த உடனே, வாக்சிங் செய்த உடனே இந்த ஸ்பிரேயை அடிக்க வேண்டாம். எரியும்.

படி 2: ஸ்பிரே அடிப்பது

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். பளபளப்பைக் குறைக்கும் மேட் வகைகளில் பவுடர் அடியில் தங்கியிருக்கும். குலுக்காமல் அடித்தால் ஒரு நாள் வெறும் தண்ணீர் வரும், இன்னொரு நாள் வெள்ளைத் திட்டு வரும்.

கையை நீட்டிப் பிடியுங்கள். முகத்துக்கும் பாட்டிலுக்கும் இடையே 20 முதல் 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி ஸ்கேலின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகவோ அதே அளவோ இருக்கட்டும். கண்களையும் வாயையும் மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு அடியுங்கள். ஸ்பிரே காற்றில் இருந்து இறங்கும் வரை மூச்சை இழுக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் நேராக முகத்தில் அடிப்பதையே தவிர்த்து ஸ்பான்ஜ் முறைக்குப் போவது பாதுகாப்பு. ஜன்னல் திறந்திருப்பது எல்லோருக்கும் நல்லது. ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பக்கத்தில் அடுப்போ, விளக்கோ, மெழுகுவர்த்தியோ எரியக் கூடாது.

எத்தனை முறை? மேக்கப்பின் மேலே அடிக்கும்போது நெற்றியிலிருந்து தாடை வரை குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போலவும், அப்புறம் நெற்றியும் மூக்கும் சேர்ந்த டி வடிவத்திலும் தாராளமாக அடிப்பார்கள். அடியில் போடும்போது அதில் பாதி போதும். பெருக்கல் குறிக்கு இரண்டு அழுத்து. எண்ணெய் வழியும் முகம் என்றால் நெற்றிக்கும் மூக்குக்கும் இன்னும் ஒன்று. முகம் லேசாகப் பனி படர்ந்ததுபோல இருக்க வேண்டும். துளி வழிந்து இறங்கினால் அளவு கூடிவிட்டது. உடனே டிஷ்யூவால் மெல்ல ஒற்றி எடுத்துவிடுங்கள். படலம் தடிமனாக இருந்தால் கூடுதலாகப் பிடிக்கும் என்று தோன்றும். உண்மையில் தடிமனான படலம் சிரிக்கும்போதும் பேசும்போதும் வெடித்துக் கோடு விடும், வாயோரத்தில்தான் முதலில் தெரியும்.

கண்ணுக்குக் கீழே ஸ்பிரே அதிகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தோல் மெல்லியது, சீக்கிரம் வறண்டு சுருக்கம் காட்டும். நான் அடிக்கும்போது இரண்டு விரலால் கண்ணுக்கு அடியை மறைத்துக்கொள்வேன்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், துளித் துளியாகத் தெறிக்கும் பாட்டில் வைத்திருப்பவர்கள், மூக்கு நெற்றி மட்டும் போதும் என்பவர்கள் எல்லாரும் ஸ்பான்ஜில் இரண்டு முறை அடித்து, அதைத் தேவையான இடத்தில் ஒற்றிக்கொள்ளலாம். படலம் சீராக வரும், ஸ்பிரேயும் வீணாகாது. அவசரம் இல்லாத நாளில் நான் இப்படித்தான் செய்கிறேன்.

படி 3: எப்போது ஃபவுண்டேஷன் வைப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நீங்கள் மேலே வைக்கப்போவது எது என்பதைப் பொறுத்தது.

திரவ ஃபவுண்டேஷன் என்றால், ஸ்பிரே முக்கால்வாசி காய்ந்து, விரல் வைத்தால் லேசாக ஒட்டும் நிலையில் வைப்பது நல்ல பிடிமானம் தரும். சாதாரணமாக அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் இந்த நிலை வரும். புழுக்கத்தில் கூடுதலாகும், ஃபேன் காற்றில் குறையும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். ஒட்டும் நிலை தாண்டி முழுக்கக் காய்ந்துவிட்டாலும் கவலை இல்லை; பிடிமானம் கொஞ்சம் குறையும், பூசுவது சுலபமாகும். புதிதாக முயல்பவர்கள் முழுக்கக் காயவிட்டே தொடங்குங்கள்.

பவுடர் ஃபவுண்டேஷன், காம்பாக்ட் என்றால் முழுக்கக் காய்ந்தே ஆக வேண்டும். ஈரம் ஒரு புள்ளி இருந்தாலும் பவுடர் அங்கே அப்பிக்கொண்டு கருத்த திட்டாகும். அதை அப்புறம் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

காய வைக்க ஹேர் டிரையர் வேண்டாம். சூடான காற்று முகத்தை வியர்க்க வைக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டால் போதும்.

படி 4: தேய்க்காமல் ஒற்றுவது

திரவ ஃபவுண்டேஷனிலும் இரண்டு வகை இருக்கிறது. பொருள் பட்டியலில் முதலில் தண்ணீர் வந்து, அடுத்தடுத்த இடங்களில் சிலிகோன் பெயர்கள் இல்லாவிட்டால் அதை நீர் சார்ந்தது என்று கொள்ளலாம். முதல் சில பெயர்களிலேயே கோன் என்றோ சிலாக்சேன் என்றோ முடிபவை இருந்தால் அது சிலிகோன் சார்ந்தது. நீர் சார்ந்தது, பிவிபி படலத்தைச் சற்றுக் கரைத்து அதோடு ஒன்றிப்போகும். பிடிமானத்துக்கு அது உதவிதான். ஆனால் கரைந்த நிலையில் பிரஷால் இழுத்துத் தேய்த்தால் படலமே கையோடு வந்துவிடும். சிலிகோன் சார்ந்தது படலத்தின் மேல் அமைதியாக உட்காரும். அதற்கு முழுக்கக் காய்ந்த படலம்தான் ஏற்றது.

எதுவாக இருந்தாலும், ஈரமாக்கி நன்றாகப் பிழிந்த ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றி வையுங்கள். வழக்கமாக எடுக்கும் அளவில் முக்கால் பங்கு எடுத்தால் போதும், ஏனென்றால் இப்போது தோல் எதையும் உறிஞ்சிக்கொள்வதும் நழுவவிடுவதும் குறைவு. ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்த கன்னத்துக்குப் போங்கள். முகம் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டு நிதானமாகப் பரப்பலாம் என்றால், கடைசிப் புள்ளிக்கு வரும்போது அது வைத்த இடத்திலேயே இறுகியிருக்கும். கருவளையத்தையும் புள்ளிகளையும் மறைக்கும் கன்சீலருக்கும் இதே விதி. கிரீம் பிளஷ் பிடித்தவர்கள் அதையும் ஒற்றியே வைக்கலாம்.

துவாரங்கள் தெரிகின்றன, ஆனாலும் ஸ்பிரேயின் பிடிமானம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி: ஸ்பிரே முழுக்கக் காய்ந்த பிறகு, மூக்கின் ஓரத்தில் மட்டும் பட்டாணி அளவில் கால்வாசி சிலிகோன் பிரைமரை விரலால் அழுத்தி வையுங்கள். வரிசையை மாற்றினால், அதாவது சிலிகோனின் மேல் ஸ்பிரே அடித்தால், இலையில் விழுந்த நீர்போலத் துளித் துளியாக நிற்கும்.

படி 5: பவுடர், அப்புறம் மறுபடி ஸ்பிரே

எண்ணெய் வழியும் இடங்களில் மட்டும் லூஸ் பவுடரைப் பஃபால் அழுத்தி வைத்து, அதிகமானதைப் பிரஷால் தட்டிவிடுங்கள். மேக்கப் முழுவதும் முடிந்ததும் கடைசியாக வழக்கம்போல ஒரு சுற்று ஸ்பிரே. அடியில் ஒரு படலம், மேலே ஒரு படலம், நடுவே மேக்கப். அடியில் போட்டாயிற்று என்று மேலே அடிப்பதை விட்டுவிட வேண்டாம். அடியில் உள்ளது தோலோடு பிடித்து வைக்கும், மேலே உள்ளதுதான் கை பட்டால் வருவதைக் குறைக்கும்.

கண் இமைக்கு ஸ்பிரேயை நேராக அடிக்காமல், ஐஷேடோ பிரஷில் ஒரு முறை அடித்து அதில் மினுமினு ஷேடோவைத் தொட்டு வைத்துப் பாருங்கள். நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும், கீழே உதிர்வதும் குறையும்.

தவறிப் போனால்

ஃபவுண்டேஷன் உருண்டு வந்தால் பெரும்பாலும் அடியில் கிரீம் அதிகம், காத்திருந்தது குறைவு. திட்டாகப் பிடித்தால் ஸ்பிரே சீராக விழவில்லை. அடுத்த முறை தூரத்தைக் கூட்டுங்கள் அல்லது ஸ்பான்ஜுக்கு மாறுங்கள். முகம் இழுத்துப் பிடித்ததுபோல இருந்தால் ஆல்கஹால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது அளவு அதிகம். இரண்டு மூன்று மணி நேரத்தில் பிசுபிசுத்தால் வேறு பாலிமர் உள்ள ஸ்பிரேயைத் தேடுங்கள்.

எரிச்சலோ, அரிப்போ, சிவப்போ வந்தால் அது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொண்டு மேக்கப்பைத் தொடராதீர்கள். உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் நன்றாக அலசுங்கள்; எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

இரவில் கழற்றுவது

இரண்டு படலம் போட்டிருப்பதால் வெறும் ஃபேஸ் வாஷ் போதாது. முதலில் எண்ணெய் சார்ந்த கிளென்சரையோ கிளென்சிங் பாமையோ உலர்ந்த முகத்தில் பூசி, ஒரு நிமிடம் மெல்ல வட்டமாகத் தடவுங்கள். நிறம் கரைந்து வருவது தெரியும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத் தடவி, கழுவி, அப்புறம் வழக்கமான ஃபேஸ் வாஷ். முடியோரத்திலும் மூக்கின் மடிப்பிலும் தாடைக்குக் கீழேயும்தான் மிச்சம் தங்கும். அடியில் ஸ்பிரே அடிக்கத் தொடங்கிய பிறகு சின்னச் சின்னப் பருக்கள் வந்தால், ஸ்பிரேயை மாற்றும் முன் இந்த இடங்களைச் சரியாகக் கழுவுகிறீர்களா என்று பாருங்கள்.

பாட்டிலின் மூக்கில் பாலிமர் காய்ந்து அடைத்துக்கொள்வது சகஜம். வாரம் ஒரு முறை அந்த மூடியைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, நாலைந்து முறை அழுத்தி, காயவிட்டு மாட்டினால் ஸ்பிரே மறுபடி பனிபோல வரும். பாட்டிலில் திறந்த டப்பா படத்துக்குள் 12 என்ற எண் இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் வரை அதைப் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். திறந்த தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி அடியில் ஒட்டிவையுங்கள்.